சட்ட மேற்படிப்பு எதற்காக?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசைக்கும் நாடகத்திற்கும் இடையே சட்டத்தைப் பற்றிப் பேச ஒருவனை நிறுத்தியது செயலாளரின் துணிவு. அதற்கு நன்றி கூறி, நேரே பொருளுக்கு வருகிறேன்.

நம் குடியிருப்பைச் சேர்ந்த அன்பர் ஒருவர் சென்ற மாதம் என் இல்லத்திற்கு வந்தார். அவர் மகள் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பை முடித்து, வழக்கறிஞராகப் பதிவும் செய்துகொண்டவள். இப்பொழுது எல்.எல்.எம். படிக்க விழைகிறாள். "கறுப்பு அங்கிதான் கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்கு ஐயா படிப்பு?" என்றார். நியாயமான வினா. வழக்காட மேற்படிப்பு வேண்டியதில்லை. சட்டக் கல்லூரி ஆசிரியராக வேண்டுமாயின் அது வேண்டும். ஆயினும், அந்த ஓராண்டிலோ ஈராண்டிலோ அவள் கற்கப்போவது யாது?

மேலும் சில பிரிவுகளை அன்று. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு இடம் விட்டது. கொலைக்குரிய 302 ஆம் பிரிவு 103 ஆயிற்று. நம் வீட்டுப் பேச்சிலேயே குடியேறிவிட்ட 420 கூட 318 இல் ஒடுங்கிவிட்டது. எண்களை மட்டும் மனனம் செய்தோர் பாடு திண்டாட்டந்தான்.

மேற்படிப்பில் கற்க வேண்டியது வினா எழுப்பும் முறை. 1965 பிப்ரவரியில் காசி இந்து பல்கலைக்கழகத்தில் டீட்ரிச் கான்ராட் என்னும் ஜெர்மானியச் சட்ட அறிஞர் சொற்பொழிவாற்றினார். அடிப்படை உரிமைகளையும் பாராளுமன்றம் திருத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 1951 இலேயே தீர்ப்பளித்திருந்தது. அவரோ, திருத்தும் அதிகாரத்திற்கு எல்லையே இல்லையா என்று வினவினார். உயிரைக் காக்கும் 21 ஆம் விதியை நீக்கிவிடலாமா? நாட்டைத் தமிழ்நாடு என்றும் இந்துஸ்தானம் என்றும் இரண்டாகப் பிரிக்கலாமா? (ஆம், அவர் கூறிய எடுத்துக்காட்டுகளுள் நம் நாடும் ஒன்று!) முகலாயப் பேரரசை மீண்டும் நிறுவலாமா? நடவாதவற்றையும் எண்ணிப் பார்த்துக் கோட்பாட்டைச் சோதிப்பது சட்ட அறிஞன் கடன் என்பது அவர் கருத்து. சட்டத்தின் வழியாகவே குடியாட்சி குலைந்த கொடுமையைக் கண்ட நாட்டினர் அவர்.

அன்று அது வகுப்பறைப் பேச்சு. 1967 இல் கோலக்நாத் வழக்கில் எம். கே. நம்பியார் அதனை நீதிமன்றத்தின் முன் எடுத்துரைத்தார். 1973 இல் கேசவானந்த பாரதி வழக்கில், 13 நீதிபதிகளுள் 7 பேர், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைத்தல் ஆகாது என்றனர். நீதிபதி கன்னா தம் தீர்ப்பில் கான்ராடின் எழுத்தைச் சுட்டினார். மறுத்துரைத்த 6 பேருடைய வாதங்களையும் மாணவர் படித்தல் வேண்டும், பலர் விட்டுவிடுகின்றனர்.

அன்பரின் மகளை அழைத்து, "உன் வினா யாது அம்மா?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கிச் சொன்னாள்: "பெண்களைப் பணியிடத்தில் பாலியல் தொல்லையினின்று காக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டையும் பணியிடம் என்றே கொள்கிறது. நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்கள் அதை அறிவார்களா? அறிந்தாலும் யாரிடம் போய் முறையிடுவார்கள்?"

தந்தையார் வாய் திறக்கவில்லை. நானும் என் வீட்டுச் சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

அவள் விண்ணப்பம் அனுப்பிவிட்டாள். இடம் கிடைப்பின், அடுத்த ஆண்டு குறிப்பேட்டுடன் உங்கள் வாயிலுக்கு வருவாள். அன்பு கூர்ந்து கதவைத் திறவுங்கள். பணிப்பெண்ணோடு தனியே பேச அவளுக்கு அரைமணி நேரம் கொடுங்கள்.