ஸ்கேன் செய்த பிறகு

பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டால் நூலகத்தின் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கேதான் வேலையே ஆரம்பம்.

ஸ்கேன் செய்த பக்கம் கணினிக்கு வெறும் படம். அதில் ஒரு சொல்லைத் தேட வேண்டுமானால், மென்பொருள் அந்தப் படத்தை எழுத்தெழுத்தாகப் படித்தாக வேண்டும். பழுப்பேறிய தாள், மங்கிய மை, பூச்சி போட்ட ஓட்டை. மென்பொருள் திணற இவையே போதும். போதாக்குறைக்கு, 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்ததல்லவா? அதற்கு முந்தைய நூல்களில் ‘லை’, ‘னை’ எல்லாம் யானை தும்பிக்கையைத் தூக்கியதுபோல் வளைந்திருக்கும். இன்றைய எழுத்தை மட்டும் பழகிய மென்பொருள் அங்கே முழிக்கும். நம் பிள்ளைகளும்தான்!

சரி, நூற்பட்டியலாவது சுலபமா? பல மென்பொருள்கள் ஆசிரியரின் குடும்பப் பெயரைக் கேட்கும். உ.வே.சாமிநாதையருக்கு எதைக் கொடுப்பது? ‘உ’ ஊர், ‘வே’ அப்பா. ஒரு நூலகர் ‘உ’விலும் இன்னொருவர் ‘சா’விலும் பதிந்தால், ஐயர் இரண்டு பேராகிவிடுவார். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு வருவதற்கு முன்பு ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியல்களோ, வேறு கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல்.

கணினியே வேண்டாத வழியும் ஒன்று உண்டு. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994இல் உருவானது. தொடக்க ஆண்டுகளில் அங்கே அரிய நூல்களை மைக்ரோஃபிலிம் சுருள்களில் படமெடுத்தார்கள். அவற்றைப் படிக்க வெளிச்சமும் ஒரு லென்சும் போதும். எழுத்துரு, மென்பொருள் தொல்லை கிடையாது. ஆனால் அந்தச் சுருள்களுக்கு இரவும் பகலும் குளிரூட்டிய அறை வேண்டும். கரண்ட் பில் தனி!