நிலக்கரிக் கப்பலுக்கு எதுக்குப் பாய்?

இன்னைக்கு ஒரு கப்பல் கதை.

பேரு ஷோஃபு மாரு. ஜப்பான் கப்பல், ஒரு லட்சம் டன் ரகம். 2022 அக்டோபர்ல ஓட ஆரம்பிச்சது. அதோட மூக்குல ஒரே ஒரு பாய் நிக்குது. துணி இல்லை, ஃபைபர் கிளாஸ்ல செஞ்சது. முழுசா விரிச்சா 50 மீட்டருக்கு மேல உயரம். பதினஞ்சு மாடிக் கட்டடம் ஒண்ணு கடல்ல நகர்ந்து போறதா நினைச்சுக்கோங்க.

சரி, அந்தக் கப்பல் என்ன ஏத்திட்டுப் போகுது தெரியுமா? நிலக்கரி. அனல் மின் நிலையத்துக்கு.

இதைப் படிச்சதும் நான் சிரிச்சுட்டேன். புகையைக் குறைக்கப் பாய் கட்டி, கரியைக் கொண்டுவந்து எரிக்கிறாங்களேன்னு. அந்தச் சிரிப்பு இன்னும் முழுசாப் போகலை. ஆனா அந்தப் பாய் எங்கிருந்து வந்ததுன்னு தேடினப்போ, கதை வேற பக்கம் திரும்பிடுச்சு.

2009-ல டோக்கியோ பல்கலைக்கழகத்துல, கப்பல் கம்பெனிகளையும் சேர்த்துக்கிட்டு ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. பேரு விண்ட் சேலஞ்சர். அவங்க வரைஞ்ச கப்பல்ல ஒன்பது பாய்! காத்துதான் முதலாளி, என்ஜின் வெறும் கையாள். அதுதான் கனவு.

கனவு துறைமுகத்துக்கு வந்ததும் இடிச்சுது. சரக்கு ஏத்துற கிரேனுக்குப் பாய் குறுக்கே நிக்கும். பாலத்துக்கு அடியில போக முடியாது. புயல் வந்தா ஆபத்து. அதனால பாயை நாலு அடுக்கா, பழைய ரேடியோ ஏரியல் மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறங்குற மாதிரி செஞ்சாங்க. விமான இறக்கை மேல தூக்குற அதே விசை இங்கே கப்பலை முன்னாடி இழுக்குது. காத்து எந்தப் பக்கம், எவ்வளவு வேகம்னு சென்சார் பார்க்கும். பாய் தானாத் திரும்பும், தானா ஏறி இறங்கும். மாலுமி கயிறு இழுக்க வேண்டாம்.

பதிமூணு வருஷம் கழிச்சு ஒன்பது பாய், ஒண்ணாக் கடலுக்கு வந்துச்சு.

மிச்சம் எவ்வளவு? முதல் ஒன்றரை வருஷத்துல, நல்ல காத்து அடிச்ச நாள்ல 17 சதவீதம் வரைக்கும் எரிபொருள் மிச்சம். பயணச் சராசரி 5 முதல் 8. "அவ்வளவுதானா?"ன்னு கேட்பீங்க. உலகக் கார்பன் வெளியேற்றத்துல கிட்டத்தட்ட 3 சதவீதம் கப்பலோடது. தினமும் டன் கணக்குல எண்ணெய் குடிக்கிற வண்டியில 5 சதவீதம்கிறது சின்ன விஷயம் இல்லைங்க.

என்னை உறுத்துறது வேற. இது புது யோசனையே இல்லை. ஜெர்மனியில ஆன்டன் ஃப்ளெட்னர் சுழலும் உருளைகளை வச்சு 1924-லயே கப்பல் ஓட்டினார். அந்தக் கப்பல் 1926-ல அட்லாண்டிக்கையே தாண்டுச்சு. மலிவான டீசல் முன்னாடி நிக்க முடியலை. ஜப்பான்லயே, எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம், 1980-ல ஷின் ஐதோகு மாருன்னு பாய் வச்ச டேங்கர் ஒண்ணு வந்துச்சு. நல்லாவே ஓடுச்சு. எண்பதுகள் நடுவுல எண்ணெய் விலை விழுந்தது, பாயைச் சுருட்டி வச்சுட்டாங்க. ரெண்டு தடவையும் தோத்தது பாய் இல்லை, விலைதான் ஜெயிச்சது.

2014-லயும் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே போச்சு. ஆனா டோக்கியோக்காரங்க விடலை. அடுத்த மாசமே லாபம் கேட்கிற ஆள் நடுவுல நிக்காததாலதான் அது முடிஞ்சதுன்னு நினைக்கிறேன்.

இப்போ கப்பல் புகைக்கு விலை வைக்கலாமான்னு லண்டன்ல இருக்கிற சர்வதேசக் கடல்சார் அமைப்புல பேச்சு நடக்குது. 2025 அக்டோபர்ல முடிவு எடுக்க வேண்டியது. ஒரு வருஷம் தள்ளிப் போட்டுட்டாங்க. அதுக்காகக் காத்திருக்காம, 2035-க்குள்ள 80 கப்பல்ல இந்தப் பாயை வைக்கப்போறதா அந்தக் கம்பெனி சொல்லியிருக்கு. அந்த எண்பதுல எத்தனை கப்பல் நிலக்கரி ஏத்தும்னு நான் எண்ணிக்கிட்டே இருப்பேன்.