கருங்காலி என்று யாரைச் சொல்கிறோம்?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

சிகாகோ கறி ஆலைகளைப் பத்திப் பேசப் போறேன்னு சொன்னதுமே ஒரு மாணவத் தோழர் கேட்டார்: "நம்ம ஊர்ல ஆட்டுத்தொட்டி இருக்கும்போது அமெரிக்காக்காரன் மாடு வெட்டுனா நமக்கென்ன தோழர்?" நியாயமான கேள்விதான். பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

சின்ன வயசுல எங்க சேரியில மாடு அறுக்கறதைப் பாத்திருக்கேன். ஒரே ஆள். தோலை உரிப்பார், குடலை எடுப்பார், எந்த மூட்டு எங்கே விலகும்னு அவர் கத்திக்குத் தெரியும். கடைசியில அவரே கூறு போடுவார். ஊர் அவரை இழிவாகப் பேசியது. ஆனாலும் அவர் கையில் ஒரு தொழில் முழுசாக இருந்தது.

சிகாகோ அதைத்தான் பிடுங்கியது. 1865இல் அங்கே யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற கால்நடைச் சந்தை திறக்கப்பட்டது. அதைச் சுற்றி எழுந்த ஆலைகளில் மாடு கொக்கியில் தொங்கியபடி நகரும். மனுசன் நின்ற இடத்திலேயே நிற்பான். ஒருத்தனுக்குக் கழுத்து, ஒருத்தனுக்குத் தோல், ஒருத்தனுக்குக் குடல். ஒரே வெட்டு, நாள் முழுக்க. தன்னுடைய கார் ஆலை வரிசைக்கான யோசனை இந்தத் தொங்கு வரிசையிலிருந்து வந்தது என்று ஹென்றி ஃபோர்டே 1922இல் வெளியான தன் புத்தகத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். நவீன முதலாளியம் பாடம் படித்த பள்ளிக்கூடம் கசாப்புக்கூடம், தோழர்களே.

அப்டன் சின்க்ளேர் 1904இல் ஏழு வாரம் அங்கே தங்கிப் பார்த்துவிட்டு எழுதிய 'தி ஜங்கிள்' நாவல் 1906இல் புத்தகமாக வந்தது. லிதுவேனியாவிலிருந்து பிழைக்க வந்த ஒரு குடும்பம் அந்த ஆலைகளில் எப்படிச் சிதைகிறது என்பதுதான் கதை. படித்தவர்கள் பதறிப்போனார்கள். எதுக்கு? கறி அழுக்கா இருக்கேன்னு. அதே ஆண்டு ஜூன் 30இல் இறைச்சிச் சோதனைச் சட்டம் வந்தது. தொழிலாளிக்கு ஒன்றும் வரவில்லை. தட்டில் விழுவது சுத்தமா என்று கேட்டவன், வெட்டியவனுக்கு விரல் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வர்க்கத்தை இவ்வளவு கூர்மையாகப் பார்த்த அந்த சோசலிச நாவல், வேலைநிறுத்தத்தை உடைக்க வந்த கறுப்பர்களை மிருகங்களைப் போலக் காட்டுகிறது. முற்போக்கின் கண்ணுக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. அது நமக்குப் பழகியதுதான்.

1904 வேலைநிறுத்தம் தோற்றது. முதலாளிகள் கூட்டிவந்த ஆட்களில் கறுப்பரும் இருந்தார்கள், ஐரோப்பியரும் இருந்தார்கள். பழி மட்டும் கறுப்பர் தலையில். நம்ம தமிழைப் பாருங்க. வேலைநிறுத்தத்தை உடைக்கிறவனுக்கு நாம வெச்சிருக்கிற பேரு 'கருங்காலி'. சிகாகோவில் அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்பட்டிருக்காது. அன்றைய அமெரிக்கச் சங்கங்கள் பலவற்றின் கதவு கறுப்பருக்கு மூடியிருந்தது. சங்கத்துக்குள்ளே விடாதவனைப் பார்த்து, சங்கத்தைக் காட்டிக்கொடுத்துட்டான்னு சொல்றது என்ன நியாயம்? 1919 ஜூலையில் சிகாகோவில் நிறவெறிக் கலவரம். 38 பேர் செத்தார்கள், அதில் 23 பேர் கறுப்பர்கள். 1921-22 வேலைநிறுத்தமும் தோற்றது.

இந்த இடத்தில் நமக்கு பம்பாய் ஞாபகம் வரவேண்டும். பஞ்சாலைகளில் தீண்டப்படாதோருக்கு நெசவுப் பிரிவில் இடமில்லை. அறுந்த நூலை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும், எச்சில் தீட்டு. கூலி அதிகமுள்ள பிரிவும் அதுதான். 1928 வேலைநிறுத்தத்தின்போது இந்தத் தடையை நீக்கு என்று அம்பேத்கர் சங்கத் தலைவர்களிடம் கேட்டார். 1929 வேலைநிறுத்தத்தை அவர் எதிர்த்தார். இன்றுவரை அதை வைத்து அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. அந்த எச்சில் கதையை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலைக்காரர்களையும் பிரிக்கிறது என்று 1936இல் அவர் எழுதினாரே, அது வெறும் புத்தக அறிவு இல்லை.

சிகாகோவில் இது எப்படி மாறியது? மாடு வெட்டும் தளத்தில், ரத்தச் சேற்றில், பெரும்பாலும் கறுப்பர்களைத்தான் நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தளம் நின்றால் மொத்த ஆலையும் நிற்கும். கீழே தள்ளிய இடமே பிடிமானமாகிவிட்டது. 1943இல் உருவான ஒன்றுபட்ட கறி ஆலைத் தொழிலாளர் சங்கம் அதைப் புரிந்துகொண்டது. கறுப்பர்கள் அங்கே தலைவர்களானார்கள். அவர்களில் ஒருவரான சார்லஸ் ஹேஸ் பிற்பாடு, 1983இல், நாடாளுமன்றம் போனார். டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் ஆலையில் கறுப்பர்-வெள்ளையர் தனித்தனியாகச் சாப்பிட்ட ஏற்பாட்டை 1950களில் சங்கம் உடைத்தது. எதிர்த்தவர்கள் சொந்தச் சங்கத்து வெள்ளை உறுப்பினர்கள். சங்கம் பின்வாங்கவில்லை. இரட்டைக் குவளைக்கு எதிராக நம்ம ஊர்ச் சங்கங்கள் எத்தனை வேலைநிறுத்தம் செஞ்சிருக்கு?

அந்தக் காலத்தில் கறி ஆலைக் கூலி மற்ற ஆலைகளின் சராசரியைவிட அதிகம். முதலாளி சும்மா இருப்பானா? ஆலையை நகரத்திலிருந்து கிராமத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். 1971இல் சிகாகோ சந்தையையே மூடினார்கள். 1980களில் கூலி சரிந்தது. வரிசை வேகம் கூடியது. வட கரோலினாவில் ஹாம்லெட் என்ற ஊர்க் கோழி ஆலையில் 1991 செப்டம்பர் 3இல் தீ. 25 பேர் செத்தார்கள். கதவுகள் பூட்டியிருந்தன. தொழிலாளர்கள் கோழி திருடுவார்களாம்! 11 வருசமாக அங்கே ஒரு பாதுகாப்புச் சோதனைகூட நடந்ததில்லை.

2020 கொரோனாவில் சூ ஃபால்ஸ் பன்றி ஆலையில் சுமார் 1,300 பேருக்குத் தொற்று, 4 பேர் சாவு. அரசு போட்ட அபராதம் 13,494 டாலர். நான் பேங்க் கிளார்க், வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு உயிருக்கு 3,373 டாலர். 2023இல் வெளிவந்தது இன்னொன்று. 8 மாநிலங்களில் 13 ஆலைகளில், 13 முதல் 17 வயது வரையிலான 102 பிள்ளைகள், ராத்திரி நேரத்தில் கறி அறுக்கும் ரம்பங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இப்ப அந்தத் தோழர் கேட்ட கேள்விக்கு வரேன். அந்தப் பக்கம் கறி, இந்தப் பக்கம் தோல். ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அன்றைக்கு எத்தனை சங்கம் தெருவுக்கு வந்தது? நாம எத்தனை பேர் வந்தோம்?

"வடக்கன் வந்து கூலியைக் கெடுத்துட்டான்." இது நம்ம தெருவிலேயே, நம்ம பிள்ளைகள் வாயிலேயே கேக்குது தோழர்களே. சிகாகோவில் வெள்ளைக்காரத் தொழிலாளி கறுப்பனைப் பார்த்துச் சொன்னது இதேதான். பம்பாயில் நெசவுப் பிரிவு வாசலில் நம்மைப் பார்த்துச் சொன்னதும் இதேதான். வாசலுக்கு வெளியே நின்னவங்க நாம. வாசலை மூடுற கை நம்ம கையா இருக்கக் கூடாது.