பாலை மரத்தின் கன்றுகள்



ஐந்திணை கற்பிக்கையில் பாலை என்றதும் வறண்ட நிலத்தையே நாம் மாணவர்க்குச் சுட்டுகின்றோம். அஃது ஒரு மரத்தின் பெயருமாகும். திணைக்குப் பெயர் தந்த மரம் எதுவென்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இலங்கையின் வன்னிப் பகுதியில் மக்கள் இன்று பாலை என வழங்கும் பழமரத்தைப் பற்றியே இங்குப் பேச விழைகின்றோம். ஆண்டெல்லாம் மழை காணும் பாயான் லெப்பாஸில் இம்மரத்தைக் காண இயலாது. எனினும், இவ்வூர்ச் சந்தையில் நாம் வாங்கும் சிக்குப் பழத்துக்கு அது நெருங்கிய உறவு. தமிழகத்தார் சப்போட்டா என்னும் அப்பழமரத்தை ஒட்டுக்கட்டுவோர், வேர்ச்செடியாகப் பாலையின் கன்றையே பெரிதும் கொள்வர்.

வன்னியில் ஐப்பசி முதல் தை வரை மழை. அதன்பின் நெடிய வறட்சி. அவ்வறட்சியிலேதான், வைகாசி ஆனித் திங்கள்களில், பாலை பழுக்கிறது. சிறிய மஞ்சள் நிறப் பழம். தின்றால் பால் உதட்டில் ஒட்டும். கரடி மரமேறி அதை உண்ணும். குரங்கும் பறவையும் உண்ணும். விதை அவற்றின் எச்சத்தோடு தாய்மரத்தின் நிழல் கடந்து விழுகிறது. மழை வந்ததும் முளைக்கிறது. அடுத்த வறட்சிக்குள் வேர் ஆழச் செல்லாத கன்று மடியும். மனிதர் நடாமலே காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இம்முறையை இயற்கை மீளுருவாக்கம் என்பர்.

காட்டின் நலத்தை அறிய விரும்புவோர் மரங்களை வயதுப்படி எண்ண வேண்டும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவை அளந்து, கன்று, இளமரம், முதுமரம் எனப் பிரிப்பர். கன்றுகள் மிகப் பலவாகவும், இளமரங்கள் சிலவாகவும், முதுமரங்கள் மிகச் சிலவாகவும் அமையின் அவ்வினம் பொதுவாக நிலைபெறும். முதுமரங்கள் மட்டுமே நிற்பின், பார்வைக்குக் காடு பசுமையாகத் தோன்றினும், வழித்தோன்றல் இல்லாத குடும்பம் போன்றதே அது. பாலை மெல்ல வளர்ந்து நெடுநாள் வாழ்வது. ஆதலின் இக்குறை பல்லாண்டுகள் கண்ணுக்குப் புலப்படாது.

கன்றுகள் குறைவதற்குக் காரணங்கள் பல. ஆடுமாடுகள் மேய்கின்றன, தீ பரவுகிறது, காடு வயலாகிறது, விதை பரப்பும் விலங்குகள் அருகுகின்றன. நீரில் அமிழும் அளவு கனமும் வன்மையும் உடைய அதன் மரத்துக்காகவும் அது வெட்டப்படுகிறது. பழத்துக்காகக் கிளையையே வெட்டி வீழ்த்துவோரும் உளர். 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபின் மீளக் குடியேறியோர்க்கு நிலமும் மரமும் வருவாயும் ஒருங்கே தேவைப்பட்டன. தெருவோரத்தில் பாலைப்பழம் விற்பவரைப் பழிப்பது எளிது; அவ்விற்பனையால் அடுப்பெரியும் வீட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிளை முறியாமல் பறித்தலும், சில மரங்களின் கனியை விலங்குகட்கு விடுதலும், முளைத்த இடங்களில் சில ஆண்டுகள் மேய்ச்சலைத் தவிர்த்தலும் அவ்வருவாயையும் காக்கும், மரத்தையும் காக்கும். புதிதாக நடுவதற்குமுன், தானாக முளைத்ததைக் காப்பதே முதற்கடன்.

இங்கு மொழிக்கும் ஒரு பங்குண்டு. பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகிய இளமைப் பெயர்கள் ஓரறிவுயிராகிய மரஞ்செடிகட்கும் பொருந்தும் எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. யாழ்ப்பாணத்தார் இளம்பனையை வடலி என்பர். இளமைக்குத் தனிப்பெயர் வைத்த மக்கள் அதனைக் கண்டனர், கணக்கிலும் கொண்டனர். இன்றோ நம் மாணவர் மரம் என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகின்றனர்; காலடியில் நிற்கும் கன்று அவர்தம் கண்ணிற் படுவதில்லை.

ஆசிரியர்களிடம் ஒன்று வேண்டுகின்றோம். பினாங்குக் கொடிமலை 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்கப்பெற்றது. அங்கு மாணவரை அழைத்துச் செல்லுங்கள். ஒரு மரத்தைத் தெரிந்துகொண்டு, அதே இனத்தின் கன்று எத்தனை, இளமரம் எத்தனை, முதுமரம் எத்தனை என எண்ணித் தமிழில் எழுதச் செய்யுங்கள். எதையும் பறிக்க வேண்டா. அடுத்த ஆண்டு வேறொரு வகுப்பு அதே இடத்திற்குச் சென்று மீண்டும் எண்ணட்டும். இரு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவர், பாலைத்திணையைப் படிக்கையில் அங்கும் கன்றுகளைத் தேடுவர்.