முத்தொளி பூண்ட மோட்டார் வண்டி

வெயிலில் நிற்கும் சில மோட்டார் வண்டிகளை நேயர்கள் கவனித்திருக்கக் கூடும். நேரே நோக்கும்போது வெண்மையாகத் தோன்றும் வண்டி, இரண்டடி விலகி நோக்கினால் பொன்னிறம் காட்டும். இன்னும் சற்று நகர்ந்தால் அந்தப் பொன்னும் மறைந்துவிடும். இவ்வொளியைத் தொழிற்சாலைகள் மட்டுமே உண்டாக்கிய காலம் போய்விட்டது. தம் பழைய வண்டியைத் தாமே புதுக்க விரும்புவோர் பலர் வீட்டு முற்றத்திலேயே இதனை முயல்கின்றனர். அதற்குரிய தூள் சிறு பொட்டலங்களாக விற்கப்படுகிறது. அஞ்ச வேண்டியது அத்தூளையன்று. அதன்மேல் இறுதியாகத் தெளிக்கப்படும் பூச்சையே. அதனைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

முத்தொளியைச் செயற்கையாக ஆக்கும் வித்தைக்கு முதலில் உதவியது மீன். பதினேழாம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரில் செபமாலை மணி செய்த ஜாக்கேன் என்பவர், ஆற்று மீனின் செதில்களிலிருந்து வெள்ளியென மின்னும் சாந்தைப் பிரித்தெடுத்து, வெறுமையான கண்ணாடி மணிகளின் உட்புறத்தே பூசிப் போலி முத்துச் செய்தார் என்பர். அச்சாந்தில் மின்னுவது குவானீன் என்னும் பொருளின் மெல்லிய பளிங்குத் தகடுகளே. 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் வண்டிகளை அலங்கரித்த கைவினைஞரும் மீன்செதில் சாந்தையே வர்ணத்திற் கலந்தனர். கடலிலும் ஆற்றிலும் நீந்தியது தெருவில் ஓடலாயிற்று! ஆயினும் அது விலை மிகுந்த பொருள். மைக்கா எனப்படும் அப்பிரகத்தின் நுண்ணிய தகடுகளின்மேல் தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் படலம் ஏற்றும் முறைக்கு டு பான்ட் நிறுவனம் 1963இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. இன்று பொட்டலங்களிற் கிடைப்பது பெரும்பாலும் இவ்வகைத் தூளே.

இத்தூளிற் சாயம் இருக்கவேண்டும் என்பதில்லை. மழைநீரிற் சிந்திய எண்ணெய் ஏழு நிறம் காட்டுவதை அனைவரும் கண்டதுண்டு. அதே நியதிதான் இங்கும். படலத்தின் மேற்புறத்தில் ஒளியின் ஒரு பகுதி திரும்புகிறது. அடிப்புறத்தில் மற்றொரு பகுதி திரும்புகிறது. இவ்விரண்டும் கூடும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில அழிகின்றன. படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவினது. அது மிக மெல்லியதாயின் வெள்ளி தோன்றும். சிறிது தடித்தால் பொன். மேலும் தடிக்கச் செம்மை, நீலம், பச்சை என மாறிச் செல்லும். கருநிற அடிப்பூச்சின்மேல் இந்நிறம் அழுத்தமாகத் தெரியும். வெள்ளை அடிப்பூச்சின்மேல் ஒளிந்து ஒளிந்து தோன்றும். வீட்டில் முயல்வோர் பலர் பொட்டலத்தின் நிறத்தைப் பார்த்து வாங்கி, அடிப்பூச்சை எண்ணாமல் ஏமாறுவது இதனாலேயே.

உலோக மினுக்கமோ வேறு வகை. அதிலுள்ள அலுமினியத் தகடுகள் சிறு கண்ணாடிகளைப் போல ஒளியைத் திருப்புவன. பெருந்துகள்களாயின் அவற்றைப் புதைத்துச் சமமாக்க நிறமற்ற பூச்சுப் பலமுறை வேண்டும். அவை புதையுமுன் உப்புத்தாள் கொண்டு தேய்த்தால், துகள்களின் நிறம் உரிந்து வெள்ளை உலோகம் வெளிப்படும்.

எவ்வகையாயினும் தகடுகள் பரப்பின்மேல் ஓலைப்பாய்போலப் படுத்திருக்க வேண்டும். ஈரம் மிகத் தெளித்தால் அவை மிதந்து ஓரிடத்திற் கூடி, மேகத்திட்டுகளை உண்டாக்கும். உலர்ந்து விழுந்தாலோ நிமிர்ந்து நின்று சொரசொரப்பாகும். நிறமற்ற ஒரு லீற்றர் பூச்சுக்கு ஏறக்குறைய 25 கிராம் முத்துத்தூள் என்பது வழக்கமான கணக்கு. தூள் அடியில் தங்குமாதலின் இடையிடையே கலக்குதல் வேண்டும். எத்தனை முறை தெளித்தால் விரும்பிய ஒளி கிட்டும் என்பதை முதலில் ஒரு பழைய தகரத்தில் தெளித்துப் பார்த்து எண்ணிக்கொள்வது நன்று. கதவுக்கு மூன்று முறையும் முன்மூடிக்கு நான்கு முறையும் தெளித்தவரின் வண்டி இரண்டு வண்டிகளை ஒட்டியதுபோலத் தோன்றும்.

இனி, முன்னர் குறித்த ஆபத்து. முத்துப்பூச்சைக் காக்கும் இறுதிப் பளபளப்புப் பூச்சுப் பெரும்பாலும் இரண்டு தகரங்களில் வரும். இரண்டாவது தகரத்தில் உள்ள கடினமாக்கியில் ஐசோசயனேற்று என்னும் பொருள் உண்டு. தெளிக்கும்போது அது கண்ணுக்குப் புலனாகாத நுண்துளிகளாகக் காற்றிற் பரவும். மணத்தால் அதனை அறியலாம் என்று நம்புவதற்கில்லை. மூச்சுடன் உட்சென்றால் ஆஸ்மா எனும் தொய்வு நோயை உண்டாக்க வல்லது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவும் கடுமையான இழுப்பை வருவிக்கும். வாகன வர்ணத் தொழிலாளர் பலர் இதனாலேயே அத்தொழிலைக் கைவிட நேர்ந்தது. வாயில் கட்டும் துணியோ தூசிக் கவசமோ இதற்குப் போதாது. பட்டறைகளில் குழாய்வழியே தூய காற்றுத் தரும் முகமூடியும், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் தனியறையும் வேண்டும் என்பது இதனாலேதான். தெளிப்பு நின்ற பின்னரும் துளிகள் காற்றில் தங்கும்; அவ்வேளை முற்றத்திற்கு ஓடி வரும் குழந்தைக்கு முகமூடி ஏது?

ஆகவே, ஒரு தகரத்தில் வரும் அடிப்பூச்சையும் முத்துப்பூச்சையும் காற்றோட்டமான இடத்தில், நெருப்பை அகற்றி, கரிவடியுள்ள முகமூடி அணிந்து வீட்டிற் செய்வோர், கடினமாக்கி கலந்த இறுதிப் பூச்சைத் தக்க வசதியுள்ள பட்டறைக்கு விடலாம். இதில் ஒரு கணக்கு உண்டு. முத்துப்பூச்சின்மேல் இறுதிப் பூச்சு, செய்தோர் குறித்த நேரத்துள் ஏற வேண்டும். நேரம் கடந்தால் பிடிப்புக்காகத் தேய்க்க நேரிடும். முத்துப்பூச்சைத் தேய்த்தாலோ தகடுகள் குலைந்து தழும்பு விழும். எனவே பட்டறைக்காரரிடம் நாள் குறித்துக்கொண்ட பிறகே தூள் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.