மாவுக்குள் கையை விடு



போலந்திலிருந்து ஏழு வயதில் இந்தப் பாரிஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்தவர் ஜார்ஜ் ஷர்பாக். 1992இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அதன் பிறகு அவர் மனம் போனது தொடக்கப்பள்ளிப் பக்கம். சிகாகோவில் இன்னொரு நோபல் அறிஞர் லியோன் லெடர்மன், பள்ளிப் பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து அறிவியல் கற்க வழி செய்திருந்தார். அதை நேரில் பார்த்துவிட்டு வந்த ஷர்பாக், பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் துணையோடு 1996இல் ‘லா மேன் ஆ லா பாத்’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மாவுக்குள் கையை விடு என்று பொருள்.

என் மகளின் வகுப்பில் அதைப் பார்த்தேன். களிமண் உருண்டையைத் தண்ணீரில் போட்டால் மிதக்குமா, மூழ்குமா? முதலில் ஊகத்தை நோட்டில் எழுத வேண்டும். உருண்டை மூழ்கியது. அதே களிமண்ணைக் கிண்ணம்போல் குழித்து வைத்தாள் ஒரு சிறுமி; மிதந்தது. தவறிப்போன ஊகத்தை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. அது நோட்டில் அப்படியே இருக்கிறது. அன்று மாலை அடுப்படியில் அப்பத்தாவுக்கு என் மகள் அந்தச் சோதனையைத் தமிழில் செய்து காட்டினாள்.

அந்த வகுப்பில் ஆசிரியைக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவரும் இருந்தார். இங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் பலர் இலக்கியமோ வரலாறோ படித்து வந்தவர்கள். அறிவியல் பாடம் என்றால் அவர்களுக்குச் சற்றுத் தயக்கம். அதனால் ‘அஸ்தெப்’ என்ற ஏற்பாட்டில் அறிவியல், பொறியியல் மாணவர்கள் சில வாரங்கள் தொடர்ந்து வகுப்புக்குப் போகிறார்கள். பாடம் நடத்துவது ஆசிரியர்தான்; மாணவர் துணை நிற்கிறார், அவ்வளவே. பிள்ளைகள் கேட்கும் “ஏன்?” என்ற கேள்விக்குப் பதில் தேடுகையில், தான் படித்தது தனக்கே எவ்வளவு புரிந்திருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். இரு பக்கமும் பயன் பெறும் கூட்டுறவு என்று நான் மதிப்பது இதைத்தான்.

நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இங்கே அறிவியலும் பொறியியலும் படிக்கிறார்கள். தம்பிமாரே, தங்கைமாரே, உங்கள் துறை அலுவலகத்தில் அஸ்தெப் பற்றி விசாரியுங்கள். வாரத்தில் ஒரு பாதி நாளை ஒரு தொடக்கப்பள்ளிக்குக் கொடுங்கள். பெயர் கொடுக்க விரும்புவோருக்காக வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது எழுதிவிட்டுப் போங்கள்.