போர்ட்டிக்சனில் ஒரு நாள்

"கடலைப் பார்த்தால் சோறு கிடைக்குமா, வாத்தியாரே?" தோட்டப் பள்ளி மாணவர்களைப் போர்ட்டிக்சனுக்கு அழைத்துச் செல்ல நாங்கள் பேருந்துப் பணம் கேட்டபோது, ஒரு தந்தை இப்படிக் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் வெள்ளி கட்டுவது எளிதா என்ன? மூத்த மகளை மட்டும் அனுப்பினார். இளையவர் இருவரும் லயத்து வாசலில் நின்று பேருந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேருந்தில் ஓர் இடம் மீதியிருந்தது. ஒரு மாணவியின் பாட்டி, எண்பது வயதை எட்டியவர், "நானும் வரட்டுமா ஐயா?" என்றார். மூன்று வயதில் தாயின் மடியில் கப்பலேறி, போர்ட் சுவெட்டன்ஹாமில் வந்திறங்கியவர் அவர். 1972 முதல் அந்தத் துறைமுகத்துக்குப் போர்ட் கிள்ளான் என்று பெயர். அன்று தோட்டத்துக்கு வந்தவர், பால்மரமும் வீடுமாகவே காலத்தைக் கழித்துவிட்டார். பிறகு கடலைப் பார்த்ததே இல்லை.

முதலில் லுக்குட்டில் இறங்கினோம். அங்கே குன்றின் மேல் ராஜா ஜுமாட் 1847ஆம் ஆண்டில் கட்டிய கோட்டையின் எச்சங்கள் உள்ளன. ஈயச் சுரங்கங்களால் செழித்த ஊர் அது. ஈயத்தைக் காக்கத்தான் கோட்டை தேவைப்பட்டது.

அங்கிருந்து போர்ட்டிக்சன். முன்பு இவ்வூரை மலாய்க்காரர்கள் 'ஆராங்' என்றார்கள். கரி என்று பொருள். பின்னர் டிக்சன் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் பெயர் வந்தது. 1891ஆம் ஆண்டில் சிரம்பானிலிருந்து இங்கே ரயில் பாதை திறக்கப்பட்டது. முதலில் ஈயமும், பிறகு ரப்பரும் அந்த வழியாகத் துறைமுகத்துக்கு வந்தன. இன்று அந்தப் பாதையில் ரயில் ஓடுவதில்லை. "நம்ம தாத்தா வெட்டிய பாலும் இப்படித்தான் போயிருக்குமா சார்?" என்றான் ஒரு மாணவன். பாடநூலில் வராத கேள்வி அது.

அடுத்து தஞ்சோங் துவான் முனை. நெகிரி செம்பிலானுக்கு நடுவில் இருந்தாலும், இந்த இடம் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. போர்த்துகீசியர் இதைக் 'காபோ ரசாடோ' என்றார்கள். 1606ஆம் ஆண்டில் டச்சுக்காரரும் போர்த்துகீசியரும் இந்தக் கடலில் போரிட்டனர். காட்டு வழியே ஏறினால், 1863ஆம் ஆண்டில் எழுந்த கலங்கரை விளக்கைக் காணலாம். ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, சுமத்ராவிலிருந்து பருந்து இனங்கள் கூட்டமாக இங்கே வந்து சேர்கின்றன. நிலத்தின் மேல் எழும் வெப்பக் காற்றில்தான் அவை சிரமமின்றி மிதக்கும். கடலின் மேல் அந்தக் காற்று போதாது. அதனால் நீரிணை குறுகிய இடத்தைத் தேடிக் கடக்கின்றன.

பிற்பகலில் தெலுக் கெமாங் கடற்கரை. பத்துப் பத்துப் பேராகப் பிள்ளைகளை முழங்கால் அளவு நீரில் மட்டும் இறக்கினோம். ஆசிரியர்கள் கடல் பக்கமாக வரிசையில் நின்றோம். கடலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரும் இப்படியே நிற்கவேண்டும். கரையில் அமர்ந்து பார்த்தால் போதாது.

பாட்டி கால் நனையும் இடத்தில் நின்றார். "நம்ம ஊரு எந்தப் பக்கம் ஐயா?" என்று கேட்டார். எதிரே இருப்பது சுமத்ரா என்றோம். வடக்கே கை காட்டி, கப்பல்கள் பினாங்கைத் தாண்டி, சுமத்ராவின் முனையைச் சுற்றி நாகப்பட்டினம் போன வழியைச் சொன்னோம். பேத்தி மணலில் விரலால் அந்த வழியை வரைந்தாள். பாட்டி குனிந்து பார்த்து, "இவ்வளவு தூரமா எங்கம்மா என்னைத் தூக்கிட்டு வந்தா?" என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் அவர் பேசவில்லை.

பெற்றோர்களே, கடலைப் பார்த்தால் சோறு கிடைக்காது. ஆனால் தாம் எங்கிருந்து வந்தோம், தம் குடும்பத்தின் உழைப்பு எங்கே போனது என்பது பிள்ளைகளுக்குத் தெரிகிறது. அது தெரிந்த பிள்ளை புத்தகத்தை விருப்பத்தோடு திறக்கிறது.

வாசலில் நின்ற அந்த இருவரையும் நாங்கள் மறக்கவில்லை. ஒரே தடவையில் பணம் கேட்டது எங்கள் தவறு. இப்போது ஆண்டின் தொடக்கத்திலிருந்தே மாதம் ஒரு வெள்ளியாகச் சேர்க்கிறோம். உங்கள் தோட்டத்திலும் அப்படித் தொடங்கலாமே. பேருந்தில் ஓர் இடம் மிஞ்சினால், வீட்டிலுள்ள பெரியவரையும் கூப்பிடுங்கள்.